தூக்கணாங்குருவியின் இல்லறம் கண்ட அறிஞர் சாலிம் அலி



பழந்தமிழர் கடாரம் என்று வழங்கிய நம் கெடா மாநிலம் நெல்வளம் மிக்கது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களின் பால்மரக் காடுகளையும் செம்பனைத் தோட்டங்களையும் கடந்து அலோர்ஸ்டாரை நோக்கிச் செல்வோமாயின், இருமருங்கும் பசுமைக் கடலெனப் பரந்து கிடக்கும் வயல்களைக் காண்போம். அவ்வயலோரத்து மரங்களில் சுரைக்குடுக்கையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற கூடுகளை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். காற்றில் ஊஞ்சலாடும் அக்கூடுகளைக் கட்டுவது தூக்கணாங்குருவி. மலாய் மக்கள் இதனைத் தெம்புவா என்பர். காரணம் ஏதும் இல்லாமல் தெம்புவா தாழ்ந்த கிளையில் கூடு கட்டாது என்று பொருள்படும் பழமொழி ஒன்று அவர்களிடையே உண்டு. நிகழ்வது எதுவாயினும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதே அதன் கருத்து.

நம் தமிழ் மக்களுக்கும் இக்குருவி புதியதன்று. மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறப்போய்த் தன் கூட்டையே இழந்த தூக்கணாங்குருவியின் கதையைக் கேளாத தமிழ்க்குழந்தை இல்லை. ஆயினும், அக்கூட்டைக் கட்டுவது ஆண்குருவியா, பெண்குருவியா? ஒரே மரத்தில் சில கூடுகள் முழுமையாகவும் சில கூடுகள் பாதியிலும் தொங்குவது ஏன்? பாதிக் கூட்டை விட்டுவிட்டுக் குருவி வேறிடம் செல்வது எதனால்? இவ்வினாக்களுக்கு நெடுங்காலமாகத் தெளிவான விடை கிடைக்கவில்லை. பாதிக் கூடு ஆண்குருவி அமர்ந்து பாடுவதற்காகக் கட்டப்பட்ட ஊஞ்சல் என்றுகூட மக்கள் நம்பினர்.

மரத்தடியில் பொறுமையோடு காத்திருந்து இப்புதிரை அவிழ்த்தவர் ஓர் இந்தியர். அவர் பெரும் பட்டம் பெற்றவரல்லர். அவ்வாண்டில் அவருக்கு வேலையும் இல்லை. அவரே இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் போற்றும் சாலிம் அலி. அப்பெருமகனாரின் வாழ்க்கை வரலாற்றை இவ்வாண்டு மலரில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். அவர் தம் பெற்றோரின் பிள்ளைகள் அனைவருக்கும் இளையவர். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோர் முகம் நினைவில் பதியுமுன்னரே அவர்களை இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமிருத்தீன் தையப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று வளர்த்தனர். மகப்பேறில்லாத அவ்விருவரும் அனைத்துப் பிள்ளைகளையும் தம் மக்களாகவே கருதினர்.

பள்ளிப் படிப்பில் சாலிம் முதன்மையாக விளங்கியவரல்லர். பதின்மூன்றாம் வயது முதற்கொண்டு கடுமையான தலைவலி அவரை வாட்டியது. அதனால் அடிக்கடி பள்ளிக்குச் செல்ல இயலாமற் போயிற்று. காற்று மாற்றத்திற்காகச் சிந்து நாட்டிற்கு அனுப்பப்பட்டார். ஒருவாறு படிப்பைத் தொடர்ந்து 1913ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் அரும்பாடுபட்டுத் தேறினார்.

வீழ்ந்த சிட்டு

சாலிமின் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி அவர் சிறுவராய் இருந்தபோது நேர்ந்தது. மாமன் அவருக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்திருந்தார். அக்காலத்துச் சிறுவர்களைப் போலவே சாலிமும் குருவிகளைச் சுட்டு விளையாடினார். நம் தோட்டங்களில் உண்டிவில்லோடு அலையும் சிறுவர்களை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு நாள் அவர் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இதுவரை காணாத குருவியாதலால், இதனை உண்ணலாமா கூடாதா என்னும் ஐயம் எழுந்தது. குருவியை மாமனிடம் கொண்டு காட்டினார். அவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உறுப்பினராகிய அவர், கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு மடல் ஒன்று எழுதிக் கொடுத்துச் சிறுவனை அனுப்பினார்.

அக்காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் இந்தியச் சிறுவன் ஒருவன் நுழைவது எளிதன்று. அச்சத்தோடு சென்ற சாலிமை மில்லார்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். அத்தோடு நில்லாமல், பேழைகளைத் திறந்து, பதப்படுத்தி வைக்கப்பெற்ற நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். படிப்பதற்கு நூல்களும் தந்தார். பறவைகளைப் பதப்படுத்தும் முறையையும் குறிப்பெழுதும் முறையையும் கற்றுக்கொள்ள வழிசெய்தார்.

சுட்டு வீழ்த்திய குருவியை உண்டுவிட்டுச் சென்றிருப்பின் அன்றோடு அக்கதை முடிந்திருக்கும். இதன் பெயர் என்ன என்று கேட்டதனால் ஓர் அறிஞர் உருவானார். தம் முதிய வயதில், 1985ஆம் ஆண்டில், வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கு அச்சிட்டின் வீழ்ச்சியையே அவர் பெயராகச் சூட்டினார்.

பர்மா வாழ்க்கை

கல்லூரியில் முதலாண்டுப் படிப்பு சாலிமுக்குக் கைகூடவில்லை. படிப்பை விடுத்துப் பர்மாவின் தவாய் வட்டாரத்திற்குச் சென்றார். அங்கு அவர்தம் குடும்பத்தார் சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் நடத்தி வந்தனர். நம் முன்னோர் மலாயாவின் காடுகளை அழித்துத் தோட்டம் அமைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சாலிம் பர்மாவின் அடர்ந்த காடுகளில் அலைந்தார். கணக்குப் புத்தகத்தைவிடக் காட்டுப் பறவைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன. தொழில் சிறக்கவில்லை, பறவை அறிவு வளர்ந்தது.

1917ஆம் ஆண்டில் பம்பாய் திரும்பினார். பகலில் வணிகக் கல்வியும் விலங்கியலும் பயின்றார். 1918ஆம் ஆண்டு டிசம்பரில் தெஹ்மினா என்னும் நற்குண நங்கையை மணந்தார். இல்லத்தின் இன்பங்களைப் பெரிதெனக் கருதாது கணவரோடு காடும் மலையும் நடந்த அம்மையாரின் துணையின்றிச் சாலிம் அலியின் பணி நிறைவேறியிராது.

பட்டம் இல்லாத குறை

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணி ஒன்றிற்கு அவர் முயன்றார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லையென்பதால் அப்பணி கிடைக்கவில்லை. 1926ஆம் ஆண்டில் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருவோர்க்கு விளக்கம் கூறும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். அக்காலத்தில் அது நல்ல ஊதியமே. எனினும், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பறவைகளைப் பற்றிப் பேசியது போதும், உயிருள்ள பறவைகளைப் பற்றி அறியவேண்டும் என்னும் வேட்கை அவரைவிட்டு நீங்கவில்லை.

1928ஆம் ஆண்டில் விடுப்புப் பெற்று ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கு எர்வின் ஸ்திரேசமன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். உலகப் பறவையியலில் ஒப்பற்று விளங்கிய அப்பேராசிரியர், தொலைவிலிருந்து வந்த மாணவரை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். ஹெலிகோலாந்து என்னும் தீவில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் முறையையும் சாலிம் அலி அங்குக் கற்றார்.

1930ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியபோது பேரிடி ஒன்று காத்திருந்தது. பணமின்மை காரணமாக அருங்காட்சியகத்தில் அவர் வகித்த பதவியே நீக்கப்பட்டுவிட்டது. வயதோ முப்பத்து மூன்று. கையில் வேலை இல்லை, பட்டமும் இல்லை. ஊதியம் இன்றிக் குடும்பம் எவ்வாறு நடக்கும் என்னும் கவலையை அறியாத தொழிலாளர் குடும்பம் நம்மிடையே இல்லையன்றோ? அந்நிலையே அவருக்கும் நேர்ந்தது.

கீகிம் சிற்றூரில்

கணவனும் மனைவியும் பம்பாய்க்கு அப்பாலுள்ள கீகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் சிறு வீடொன்றிற்குக் குடிபெயர்ந்தனர். அமைதியான ஊர். மழைக்காலம் வந்தது. வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின.

வேலை இழந்த மனிதர் ஒருவர் மனம் சோர்ந்து முடங்கியிருக்கலாம். சாலிம் அலியோ கிடைத்த நேரத்தைப் பொன்னெனக் கருதினார். நாள்தோறும் மணிக்கணக்கில் அக்கூடுகளைக் கூர்ந்து நோக்கினார். எந்தக் கூடு எப்போது தொடங்கப்பட்டது, எந்தக் குருவி எங்குச் சென்றது, எப்போது முட்டை இட்டது என்பனவற்றையெல்லாம் குறிப்பேட்டில் பதிந்தார். பெருங்கருவிகள் எவையும் அவருக்குத் தேவைப்படவில்லை. கண்ணும், குறிப்பேடும், பொறுமையுமே அவர்தம் கருவிகள். ஊரார் நாள்தோறும் கண்டும் காணாமற் சென்ற குருவிகள் அவருக்குப் பாடநூலாயின.

குருவியின் இல்லறம்

அவர் கண்ட உண்மைகள் வியப்பூட்டுவன. மாணவர்களே, அவற்றைக் கருத்தூன்றிப் படியுங்கள்.

முதலாவதாக, கூடு கட்டுவது ஆண்குருவியே. மழைக்காலத்தில் அதன் தலையும் மார்பும் பொன்னிறம் பெறும். மற்றைய நாள்களில் ஆணும் பெண்ணும் ஊர்க்குருவியைப் போன்று மங்கிய நிறமாகவே இருக்கும். ஆண்குருவி நெல்லின் தாளிலும் தென்னை, பனை முதலியவற்றின் ஓலையிலும் அலகால் கீறி, நீண்ட நாராகக் கிழித்துக்கொண்டு பறந்து வரும். அந்நாரைக் கிளையின் நுனியில் சுற்றி முடிந்து, பின்னர் நெய்யத் தொடங்கும். ஒரு கூட்டை முடிப்பதற்கு ஏறத்தாழ 500 முறை பறந்து சென்று நார் கொணரும். முழுக்கூடு முடிய ஏறத்தாழ 18 நாள்கள் செல்லும். ஊசியும் தறியும் இன்றி அலகொன்றையே கொண்டு நெய்யும் இத்தொழிலை எண்ணி வியவாதார் யார்?

இரண்டாவதாக, ஆண்குருவி கூட்டை ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. ஏறத்தாழ 8 நாள்களில் கூடு தலைகீழாய்க் கவிழ்த்த தொப்பியைப் போன்ற வடிவம் பெறும். குறுக்கே ஒரு பட்டை மட்டும் இருக்கும். அந்நிலையில் பெண்குருவிகள் கூட்டமாக வந்து சேரும். அவை ஒவ்வொரு கூடாகச் சென்று சோதிக்கும். உள்ளே நுழைந்து பார்க்கும். நாரை இழுத்துப் பார்க்கும். கூட்டின் உரிமையாளனோ சிறகடித்து ஆரவாரம் செய்யும். கூடு பிடித்திருந்தால் பெண்குருவி அதனைத் தனதாக்கிக்கொள்ளும். அதன் பின்னரே ஆண்குருவி முட்டை வைக்கும் அறையை மூடி, நீண்ட குழாய் போன்ற நுழைவாயிலையும் கட்டி முடிக்கும். உள்ளறையைச் செப்பனிடுவது பெண்குருவியின் வேலை.

பாதியில் தொங்கும் கூடுகளின் புதிர் இங்கு விடுபட்டது. அவை ஊஞ்சல்கள் அல்ல. எந்தப் பெண்குருவியும் ஏற்றுக்கொள்ளாத கூடுகளே அவ்வாறு கைவிடப்பட்டவை. பழகாத இளங்குருவிகள் கட்டும் கூடுகள் பல செம்மையாக அமைவதில்லை. பழகப் பழகக் கைத்திறன் கூடும் என்பது குருவிக்கும் பொருந்தும் போலும்!

மூன்றாவதாக, அவர் கண்டறிந்ததே அறிவியல் உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. பெண்குருவி இரண்டு முதல் நான்கு வரை வெண்ணிற முட்டைகளை இடும். 14 முதல் 17 நாள்கள் வரை அதுவே அடைகாக்கும். குஞ்சுகளுக்குப் பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டும் பொறுப்பும் பெரும்பாலும் அதனையே சாரும். ஆண்குருவியோ முதற் கூட்டில் பெண்குருவி குடியேறியதும் அதே மரத்தில் வேறு கூடு கட்டத் தொடங்கும். அக்கூட்டிற்கு மற்றொரு பெண்குருவி வந்து சேரும். இவ்வாறு ஒரு மழைக்காலத்திலேயே ஓர் ஆண்குருவி ஒன்றன்பின் ஒன்றாகச் சில குடும்பங்களை அமைத்துவிடும். ஆணும் பெண்ணும் இணையாய்க் கூடு கட்டி இணையாய்க் குஞ்சு வளர்க்கின்றன என்று எண்ணியிருந்தோர்க்கு இவ்வுண்மை புதுமையாய் இருந்தது.

இச்செய்திகளைத் தொகுத்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. வேலையின்றி ஒரு சிற்றூரில் கழித்த மழைக்காலம் அவருக்கு உலகப் புகழின் வாயிலைத் திறந்துவிட்டது.

தூக்கணாங்குருவி கூட்டில் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் கூறுவர். களிமண் ஒட்டுவது உண்மையே. காற்றில் கூடு பெரிதும் ஆடாதிருக்க அது உதவலாம் என அறிஞர் சிலர் கருதுவர். மின்மினி விளக்கோ கற்பனையின் பாற்பட்டது. தெம்புவா பற்றிய மலாய்ப் பழமொழிக்கும் பறவையின் இயல்பில் இடம் உண்டு. பாம்பும் குரங்கும் எளிதில் நெருங்க இயலாதவாறு முள்மரத்திலும், நெடிய பனையிலும், நீர்நிலையின்மேல் சாய்ந்த கிளையிலும் இக்குருவிகள் கூடு கட்டும். காரணம் இன்றி அவை இடம் தெரிவதில்லை.

நாடு சுற்றிய ஆய்வு

அக்காலத்தில் இந்தியாவின் சிற்றரசுகள் பலவற்றில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்னும் முறையான கணக்கு இல்லை. சாலிம் அலி ஒரு வழி கண்டார். பயணச் செலவை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டால் போதும், தமக்கு ஊதியம் வேண்டா என்றார். அவ்வாறே ஐதராபாத்திலும், 1933ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளிலும் பறவைக் கணக்கெடுப்பை நடத்தினார். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் காடுகளைக் கடந்து, கூடாரங்களில் தங்கி அவர் பணியாற்றியபோது தெஹ்மினா அம்மையார் உடன் இருந்தார். நீலகிரியின் கோத்தகிரியிலும் அவர்கள் சில காலம் தங்கினர்.

1939ஆம் ஆண்டில் சிறிய அறுவைச் சிகிச்சை ஒன்றை அடுத்து அம்மையார் காலமானார். மக்கட்பேறு இல்லாத சாலிம் அலி தனியரானார். தமக்கையின் இல்லத்தில் வாழ்ந்துகொண்டே தம் துயரத்தைப் பணியில் ஆழ்த்தினார். இரண்டாண்டுகள் கழித்து, 1941ஆம் ஆண்டில், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவர்தம் நூல் வண்ணப் படங்களோடு வெளிவந்தது. பொதுமக்களும் மாணவர்களும் பறவைகளை அடையாளம் கண்டுகொள்ள அந்நூல் பேருதவியாயிற்று. அது பலமுறை பதிப்பிக்கப்பெற்றது.

மலாயா தந்த நண்பர்

நம் நாட்டவர் ஒருவர் சாலிம் அலியின் பணிக்குத் தோள்கொடுத்தார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அவர் கோலாலம்பூரில் 1915ஆம் ஆண்டு பிறந்த லோக் வான் தோ. ஈயச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் உரிமையாளராய் விளங்கிய லோக் யூவின் மைந்தர். கேத்தே திரையரங்குகளை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிறுவியவர். மூத்தோர் பலர் அவ்வரங்குகளில் படம் பார்த்திருப்பர்.

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் சிங்கப்பூரைத் தாக்கியபோது லோக் வான் தோ கப்பலில் தப்பிச் சென்றார். வழியில் அக்கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. கடுந்தீப்புண்களோடு உயிர் தப்பிய அவர் இறுதியில் இந்தியாவை அடைந்தார். பம்பாயில் சாலிம் அலியின் நட்பு அவருக்குக் கிட்டியது. போர்க்கால அகதியாய்ச் சென்றவர் பறவை நேயராய்த் திரும்பினார். பறவைகளைப் படமெடுப்பதில் பெரும் புகழ் பெற்றார். சாலிம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்குப் பல ஆண்டுகள் பொருளுதவியும் புரிந்தார். 1964ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தபோது சாலிம் அலி உற்ற நண்பரை இழந்தார்.

பெரும்பணிகள்

சாலிம் அலி கேட்போர் வியக்கும் துணிவுடையவர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். 1950ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குச் செல்லும்போது தம் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிச் சென்று ஐரோப்பிய நாடுகளில் ஓட்டினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று!

1959ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிடும் பணியை அவர்தம் தலைமையில் கழகம் மேற்கொண்டது. எண் பொறித்த வளையத்தைப் பறவையின் காலில் மாட்டிப் பறக்கவிடுவர். வேற்று நாட்டில் அப்பறவை பிடிபட்டால் அது எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும். தமிழ்நாட்டின் கோடியக்கரையும் இப்பணி நடந்த இடங்களுள் ஒன்று. இளமையில் ஹெலிகோலாந்தில் கற்றது முதுமையில் இவ்வாறு பயன்பட்டது.

இமயமலை அடிவாரக் காடுகளில், நெடுங்காலமாய் எவர் கண்ணிலும் படாதிருந்த வேறொரு தூக்கணாங்குருவி இனத்தை அவர் தேடிக் கண்டுபிடித்தார். 1876ஆம் ஆண்டுக்குப் பின் காணப்படாத இமயமலைக் காடையையும் தேடினார், அது கிட்டவில்லை. தேடியவை அனைத்தும் கிடைப்பதில்லை; ஆயினும் தேடாதவர்க்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியோடு இணைந்து இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் பறவைகளைப் பற்றிய பெருநூலை 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி வெளிவந்தபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். ஓய்வெடுக்கும் பருவத்தில் பிறர் தொடங்கவும் அஞ்சும் பணியை அவர் செய்து முடித்தார்.

பறவைகளை அறிந்ததோடு அவர் நிற்கவில்லை. அவற்றைக் காக்கவும் முனைந்தார். மன்னர்களின் வேட்டைக்களமாய் இருந்த பரத்பூர்ச் சதுப்பு நிலம் பறவைப் புகலிடமாய் நிலைபெற உழைத்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்காமற் காப்பாற்றக் குரல் கொடுத்தோருள் அவரும் ஒருவர். பரத்பூரில் எருமைகள் மேய்வதைத் தடுத்தல் நலம் என்று அவர் கருதினார். ஆனால் எருமைகள் இல்லாமையால் புல்லும் பூண்டும் நீரை மூடிப் பறவைகளுக்கு இடையூறு விளைந்தது என்பதை அவர்தம் கழகமே பின்னர் ஆராய்ந்து வெளியிட்டது. பெரியோர் கூறினர் என்பதற்காக ஒன்றை ஏற்றுவிடாமல் நேரிற் கண்டு ஆராய்தலே அறிவியல். அவர் கற்றுத்தந்த முறை அவர்தம் கருத்தையே திருத்தியது எனலாம்.

1958ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1976ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் இந்திய அரசால் வழங்கப்பெற்றன. அயல்நாட்டுப் பரிசொன்றாகக் கிடைத்த பெருந்தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே அளித்தார். 1985ஆம் ஆண்டில் மாநிலங்கள் அவையின் நியமன உறுப்பினரானார். பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பெற்றவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துப் பெருமை தேடிக்கொண்டன.

1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் தொண்ணூறாவது வயதில், அவர் பம்பாயில் இயற்கை எய்தினார். அவர்தம் மலாயா நண்பர் மறைந்ததும் அதே ஜூன் 20ஆம் நாளே. அவர் பெயர் தாங்கிய பறவையியல் ஆய்வு நிலையம் 1990ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் நிறுவப்பெற்றது.

தேனி மாவட்டத்து மேகமலையில் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 1948ஆம் ஆண்டில் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறோர் இனம் என்று எண்ணப்பட்டுப் பல்லாண்டுகள் கழகத்தின் பேழையில் கிடந்தது. 1972ஆம் ஆண்டில் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதனை மீண்டும் உற்றுநோக்கி, உலகிற்கே புதிய இனம் எனக் கண்டறிந்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உற்றுநோக்குதலையே வாழ்வாகக் கொண்டவர்க்கு இதனினும் பொருத்தமான சிறப்பு வேறில்லை.

நாம் பெறும் பாடம்

சாலிம் அலிக்குப் பட்டம் இல்லை. ஆகவே பட்டம் தேவையில்லை என்று எவரும் முடிவு செய்யலாகாது. அஃது அவ்வரலாற்றைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும். பட்டம் இல்லாமையால் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. அக்குறையை நிறைவு செய்யவே கையிலிருந்த வேலையில் விடுப்புப் பெற்றுக் கடல் கடந்து சென்று பயின்றார். படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ கிடைத்த வேலையில் சேரத் துடிக்கும் பிள்ளைகளும், அதற்கு இசையும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கற்பதற்கு வயது தடையன்று. அதே வேளையில், ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. கண்முன் இருப்பதைக் காணும் கண்ணும் வேண்டும்.

அவருக்குப் புகழ் தந்த குருவி எங்கோ இமயத்தின் உச்சியில் வாழ்வதன்று. வீட்டுக்கு அருகில், மழையில் நனைந்த மரத்தில் வாழ்ந்தது. அதே இனக் குருவி நம் கெடா வயலோரத்திலும் வாழ்கிறது. செம்பனை ஓலையிலும் அது நார் கிழிக்கும். நம் பள்ளிக்கு அருகேயும் கூடு கட்டும். அதனைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. ஏழை, செல்வர் என்னும் வேறுபாடும் இல்லை.

ஆகவே மாணவர்களே, உண்டிவில்லைக் கீழே வைத்துவிட்டுக் குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். கூட்டைக் கலைக்காமலும், முட்டையைத் தொடாமலும், சற்றுத் தொலைவில் நின்று பாருங்கள். நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். முழுக்கூடுகள் எத்தனை, பாதிக் கூடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். நார் கொண்டு வருவது எது, புழு கொண்டு வருவது எது என்று கவனியுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள். பெயர் தெரியாத பறவையைக் கண்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியருக்கும் தெரியாவிடின் அனைவரும் சேர்ந்து நூலில் தேடுவோம்.

பெற்றோர்களே, இது என்ன குருவி என்று பிள்ளை கேட்கும்போது, வேலை மிகுதியால் சலித்துக்கொள்ளாமல் ஒரு கணம் நின்று அக்குருவியைப் பாருங்கள். அமிருத்தீன் தையப்ஜிக்கும் அதன் பெயர் தெரிந்திருக்கவில்லை. ஆயினும், தெரிந்தவரிடம் பிள்ளையை அனுப்பி வைத்தார். அவ்வளவே அவர் செய்தது, அதுவே போதுமானதாயிற்று.

வாழ்க சாலிம் அலியின் புகழ்! வளர்க நம் மாணவர்தம் அறிவு வேட்கை!